ரோஸ் கலர் பூசை உடுப்பு: வருடத்துக்கு இரண்டு நாள், வாசலில் நூறு கேள்வி

தேவகோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் தையல் மெஷின் கிடக்கிறது. ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்துக்கொண்டிருந்தவள் நான், கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் பழகிய கையால் இருபது வருடத்துக்கு மேலாகக் கத்தோலிக்கக் கோயில் சாமிமார்களுக்குப் பூசை உடுப்பும் தைக்கிறேன். வெள்ளை தைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரோஸ் கலர் துணியை விரித்துவிட்டால் போதும், தெருவே நின்று கேட்கும். எதிர்வீட்டு ஆச்சி ஒருமுறை, "ஏத்தா, உங்க சாமியாருக்குக் கல்யாணமா?" என்றே கேட்டுவிட்டார். கேட்கிற எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வருடத்தில் எத்தனை நாள் இந்த உடுப்பு?

இரண்டே நாள். கிறிஸ்மசுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலத்தில் மூன்றாம் ஞாயிறு, அப்புறம் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தில் நான்காம் ஞாயிறு. முதலாவது எப்போதும் டிசம்பர் 11க்கும் 17க்கும் நடுவில் விழும், மார்கழிக் குளிர் தொடங்குகிற சமயம். இரண்டாவது பாஸ்காவுக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் வருவதால், பாஸ்கா நகர நகர இதுவும் மார்ச் 1இலிருந்து ஏப்ரல் 4 வரைக்கும் நகரும். லத்தீனில் முதலாவதுக்கு 'கௌதேத்தே' ஞாயிறு, இரண்டாவதுக்கு 'லெத்தாரே' ஞாயிறு என்று பெயர். பயந்துவிட வேண்டாம், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: மகிழுங்கள், மகிழ்ந்திரு. அன்றைய பூசையின் வருகைப் பல்லவி, அதாவது தொடக்கத்தில் பாடும் வசனம், அந்த வார்த்தையில் தொடங்குவதால் அந்த நாளுக்கே அது பெயராகிவிட்டது. டிசம்பரில் வருவது பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரம் 4ஆம் வசனம், தவக்காலத்தில் வருவது எசாயா 66ஆம் அதிகாரத்தில் எருசலேமை மகிழச் சொல்லும் இடம்.

ஒறுத்தல் செய்யும் காலத்தில் மகிழ்ச்சி எதற்கு? விரதத்தை நடுவில் முறிப்பதா?

இதையும் ஆச்சிதான் கேட்டார், "ஏகாதசிக்குப் பாரணை மாதிரியா?" என்று. இல்லை. பாரணை விரதம் முடிந்தபிறகு வருவது, இது நடுவில் வருவது. அன்றைக்கு எதுவும் முடிந்துவிடவில்லை, திங்கட்கிழமை காலையில் மறுபடி ஊதா உடுப்புதான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடக்கிற நகரத்தார் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். வழியில் மோர்ப்பந்தல் வரும், நின்று ஒரு டம்ளர் குடிப்பார்கள், இன்னும் எத்தனை கல் என்று விசாரிப்பார்கள், காவடியை யாரும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதில்லை. அதுதான் இந்த ஞாயிறு. பாதிக்கு மேல் வந்தாயிற்று, தூரத்தில் ஊர் தெரிகிறது.

அந்தக் காலத்து நோன்பு இப்போது மாதிரி வெள்ளிக்கிழமை கறியை விட்டுவிடுவதோடு நிற்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். தவக்காலம் நாற்பது நாளும் கடுமையாக இருந்தது. கிறிஸ்மசுக்கு முந்திய காலமும் ஐரோப்பாவின் பல பகுதிகளில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளையொட்டித் தொடங்கி நீண்ட நோன்பாகவே இருந்தது. அத்தனை நாள் வயிற்றைக் கட்டியவனுக்கு நடுவில் ஒரு ஞாயிறு பீடத்தில் பூவும் பாட்டும் வந்தால் எப்படி இருந்திருக்கும்! வாரம் தவறாமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "இந்த ரோஸ் எதற்கு?" என்று நாம் கேட்பதில் ஆச்சரியமே இல்லை.

சரி, மகிழ்ச்சி என்றால் மஞ்சள் இருக்கிறது, வெள்ளை இருக்கிறது. ஏன் குறிப்பாக ரோஸ்?

இரண்டு வழியில் பதில் சொல்லலாம்.

ஒன்று, துணிக்காரியின் பதில். ஊதாவைக் கரைத்து வெளுப்பாக்கினால் ரோஸ் பக்கம்தான் வரும். தவக்காலத்து ஊதாவை உதறிவிட்டு வேறொரு நிறத்துக்குப் போவதில்லை, அதே ஊதாவில் பாஸ்காவின் வெள்ளையைக் கொஞ்சம் கலந்துவிட்ட மாதிரி. விடியற்காலையில் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட ஏறினால் கிழக்கே இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு நிறம் தெரியுமே, அது. எனக்கு இந்த விளக்கம்தான் பிடிக்கும், ஏனென்றால் இது பீடத்தில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியது.

இன்னொன்று வரலாறு. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அன்று போப்பாண்டவர் தங்கத்தில் செய்த ஒரு ரோஜாவை ஆசீர்வதிக்கும் வழக்கம் ரோமில் இருந்தது. 1049இல் ஒன்பதாம் லியோ அதைப் பற்றிப் பேசும்போதே அது பழைய வழக்கமாகத்தான் இருக்கிறது. பூவுக்குள் வாசனைத் தைலமும் கஸ்தூரியும் வைப்பார்கள், அப்புறம் அதை அரசர்களுக்கோ கோயில்களுக்கோ பரிசாக அனுப்புவார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு மூன்று போப்பாண்டவர்கள் மூன்று முறை அனுப்பினார்கள், அப்படியும் அவர் ரோமை விட்டுப் போய்விட்டார் என்பது வேறு கதை. இப்போதெல்லாம் பெரும்பாலும் மாதா கோயில்களுக்குத்தான் போகிறது. இந்த ரோஜா ஞாயிறிலிருந்துதான் ரோஸ் உடுப்பு வந்தது, பிறகு அதைப் பார்த்துத் திருவருகைக் காலத்து ஞாயிறுக்கும் வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம், இது நம் பக்கத்து ஆட்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரோமில் அந்த லெத்தாரே ஞாயிறு கூடுகிற கோயிலின் பெயர் 'எருசலேமில் உள்ள திருச்சிலுவை' ஆலயம். ரோமில் இருந்துகொண்டு எருசலேம் என்று பெயரா என்றால், கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாயார் புனித எலெனா எருசலேமிலிருந்து கொண்டுவந்த மண்ணை அங்கே தரையில் பரப்பினார் என்பது மரபு. 1693 பிப்ரவரி 4இல் வேதத்துக்காகப் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூரிலிருந்து ஒரு பிடி சிவப்பு மண்ணை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவரும் நமக்கு இதில் விளக்கம் தேவையே இல்லை.

பிங்க் என்று சொல்லக்கூடாதாமே, ரோஸ் என்றுதான் சொல்ல வேண்டுமாமே?

இங்கிலீஷ்காரர்களின் சண்டை அது. அவர்களுக்குப் பிங்க் வேறு, ரோஸ் வேறு. நாம் பிங்கையே காலங்காலமாக ரோஸ் கலர் என்றுதான் சொல்லிவருகிறோம், அதனால் நமக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. நம் சிக்கல் வேறு: ரோஸ் கலர் என்று சொன்னால் ஜவுளிக்கடையில் பஞ்சுமிட்டாயிலிருந்து ராணி கலர் வரைக்கும் பதினைந்து பீஸ் எடுத்துப் போடுவார்கள்.

அப்படியானால் எந்த ரோஸ் எடுப்பது?

இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பங்குக் கோயிலுக்கு ரோஸ் உடுப்பு கேட்டார்கள். மதுரையில் ஒரு கடையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், சாந்தமான ரோஸ் என்று நினைத்து எடுத்து வந்தேன். தைத்து, பொன்னிறப் பட்டை வைத்து, சாமி போட்டுக்கொண்டு பீடத்துக்கு வந்தபோது காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டு ஜன்னல் வழியாக நேராக அவர் மேல் விழுந்தது. ராணி கலர்! சுத்தமான, கண்ணைக் குத்துகிற, ரிசப்ஷன் பட்டுப்புடவை ராணி கலர். பாடகர் குழுவில் பெண்பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சாமி நல்ல மனிதர், பிரசங்கத்தில், "இன்னைக்கு மகிழ்ச்சி ஞாயிறு, எல்லாரும் மகிழ்ந்துட்டீங்க, சந்தோஷம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து என் கணக்கு இது. துணியைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் ஒரு ஊதாத் துண்டை வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டும் அக்கா தங்கை மாதிரி தெரிந்தால் எடுக்கலாம். காய்ந்த பன்னீர் ரோஜா இதழின் நிறம் நல்லது. உரித்த சின்ன வெங்காயத்தின் உள்தோல், புடவைக்கடையில் வெங்காயக் கலர் என்பார்களே, அதுவும் நன்றாக அமையும். பஞ்சுமிட்டாய், பேபி சோப்பு, பிறந்தநாள் கேக், இந்த மூன்றும் வேண்டாம். பளபளக்கும் சாட்டின் எந்த ரோஸையும் கெடுத்துவிடும், அதனால் பளபளப்பில்லாத துணியாகப் பாருங்கள். விதிப்புத்தகத்தில் இந்த ஷேடுதான் என்று நம்பர் எதுவும் போடவில்லை, இதெல்லாம் என் கண்ணின் கணக்கு.

எங்கள் பங்கில் ரோஸ் உடுப்பே இல்லை. தப்பா?

தப்பே இல்லை. திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 346ஆம் எண் சொல்வது, வழக்கம் உள்ள இடங்களில் இந்த இரண்டு ஞாயிறுகளிலும் ரோஸ் அணியலாம் என்பதுதான். 'அணியலாம்', 'அணிய வேண்டும்' இல்லை. இல்லாவிட்டால் ஊதா போட்டுக்கொள்ளலாம். பத்துக் குடும்பம் உள்ள ஒரு கிளைக்கிராமத்தில் இதற்கென்று வரி போட்டு வசூல் பண்ணப் போகிறோம் என்று வந்தவர்களிடம், முதலில் ஓட்டுக் கூரையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்குத்தான் ஆர்டர் போனது.

மற்ற நிறங்கள் என்னென்ன?

சுருக்கமாக: பாஸ்கா, கிறிஸ்மஸ், மாதா திருநாள், வேதசாட்சி (வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்) அல்லாத புனிதர்கள், இவற்றுக்கு வெள்ளை. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவி ஞாயிறு, வேதசாட்சிகள், இவற்றுக்குச் சிவப்பு, அதனால் ஓரியூர்த் திருநாளும் சிவப்பு. திருவருகையும் தவக்காலமும் ஊதா, அடக்கப் பூசைக்கும் ஊதா போடலாம். மிச்சம் இருக்கிற பொதுக்காலம் முழுக்கப் பச்சை. கறுப்பும் இறந்தோர் பூசைக்கு இன்னும் அனுமதியில் இருக்கிறது, என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மாதாவுக்கு நீலம் தைத்துத் தாருங்கள் என்றால்?

அடிக்கடி கேட்கிறார்கள். ரோமை முறையில் நீலம் பொதுவான நிறம் இல்லை, ஸ்பெயின் மாதிரிச் சில இடங்களுக்கு மாதா பாவக்கறை இல்லாமல் உருவானதைக் கொண்டாடும் அமல உற்பவத் திருநாளுக்கென்று தனிச் சலுகை உண்டு. நான் வெள்ளைத் துணியில் நீலப் பட்டையும் நீலப் பூவேலையும் வைத்துக் கொடுத்துவிடுவேன். மாதாவும் கோபப்படமாட்டார், விதியும் கோபப்படாது.

அன்றைக்குப் பீடத்தில் பூ வைக்கலாமா? மேளம் அடிக்கலாமா?

தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிக்கக் கூடாது, ஆர்கன், கீபோர்டு எல்லாம் பாட்டுக்குத் துணையாக மட்டும். இந்த நான்காம் ஞாயிறுக்கு அதில் விலக்கு உண்டு, பூவும் வைக்கலாம், வாத்தியத்தைத் தனியாகவும் வாசிக்கலாம். திருவருகைக் காலத்தில் பூவுக்குத் தடை கிடையாது, அளவாக இருக்கச் சொல்வார்கள். ஆனால் ஒன்று, ரோஸ் உடுப்பைப் பார்த்துவிட்டுப் பாடகர் குழு உற்சாகத்தில் 'உன்னதங்களிலே' எடுத்துவிடக் கூடாது. அப்படித் தொடங்கும் வானவர் கீதம் இரண்டு ஞாயிறிலும் இல்லை. தவக்காலத்து ஞாயிறில் அல்லேலூயாவும் இல்லை. இது எங்கள் பக்கத்திலேயே ஒரு தடவை நடந்து, சாமி கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

பூ விஷயத்தில் என் சொந்த அபிப்பிராயம்: உடுப்பு ரோஸ் என்பதற்காகப் பீடத்தையும் ரோஸ் ரோஜாவால் நிரப்ப வேண்டாம். கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் பச்சை இலை போதும்.

திருவருகைக் காலத்தில் வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வளையத்தில் ஒன்று மட்டும் ஏன் ரோஸ்?

அதே காரணம்தான், மூன்றாம் வாரம் ஏற்றுவது அது. மூன்று ஊதா, ஒரு ரோஸ். ஆனால் இந்த வளையம் முதலில் கத்தோலிக்கருடையதே இல்லை. 1839இல் ஹாம்பர்க்கில் யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர், தன் பராமரிப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்மசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்ததால், ஒரு பெரிய சக்கரத்தில் வாரநாளுக்குச் சின்னச் சிவப்பு, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை என்று மெழுகுவர்த்தி வைத்தார். ஊதாவும் ரோஸும் பிற்பாடு சேர்ந்தவை. காரைக்குடியில் நல்ல ரோஸ் மெழுகுவர்த்தி தேடி அலைய வேண்டாம், வெள்ளையில் ரோஸ் ரிப்பனைச் சுற்றுங்கள். அடியில் மட்டும் சுற்றுங்கள், நாங்கள் ஒரு வருடம் அழகாக இருக்கட்டும் என்று உச்சி வரைக்கும் சுற்றி, ரிப்பன் பற்றிக்கொண்டு, உபதேசியார் தீர்த்தச் செம்போடு ஓடி வந்தார்.

குடிலுக்கு வைக்கிற குழந்தை யேசு சுரூபத்தையும் அந்த ஞாயிறே கொண்டுவந்து மந்திரிக்கலாம். ரோமில் பிள்ளைகள் அப்படித்தான் சதுக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள், போப்பாண்டவர் ஆசீர்வதிக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு? அந்த வாரம் முழுக்க? அன்றைக்குத் துக்கம் விழுந்தால்?

சனி சாயங்காலப் பூசை ஞாயிறு பூசைதான், ரோஸ் போடலாம். வாரநாளுக்கு இல்லை. இந்த இரண்டு காலத்து ஞாயிறுகளிலும் அடக்கப் பூசை வைக்க முடியாது, பூசையில்லாமல் வாசகம், செபம் வைத்து அடக்கம் செய்வார்கள், அதற்கு ரோஸ் எடுக்கவே கூடாது. துக்க வீட்டில் அது நன்றாகவும் இருக்காது.

கண்டாங்கித் துணியில் தைக்கலாமா?

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது, எனக்கும் ஆசைதான். தடை எதுவும் இல்லை. அந்தந்த நாட்டுத் துணிகளைப் பயன்படுத்தலாம் என்று விதியே சொல்கிறது, அழகு துணியிலும் வெட்டிலும் இருந்து வர வேண்டும், அள்ளி ஒட்டிய அலங்காரத்திலிருந்து இல்லை என்றும் சொல்கிறது. ஆனால் புடவையை வாங்கி அப்படியே வெட்டாதீர்கள். கட்டமும் அகலக் கரையும் பீடத்தில் எடுபடாது, சாமி நடந்து வந்தால் புடவை நடந்து வருகிற மாதிரி இருக்கும். நெசவாளரிடம் சொல்லிக் கட்டமில்லாமல், அடக்கமான ரோஸ் நூலில், ஊதாவில் விரற்கடைக் கரை வைத்து நெய்து வாங்கினால் அருமையாக வரும்.

துணி எவ்வளவு வேண்டும்?

அறுபது அங்குல அகலம் என்றால் சராசரி உயரச் சாமிக்கு மேலாடையும் ஸ்டோலும் (கழுத்தில் போடும் நீளப் பட்டை) சேர்த்து மூன்று மீட்டர், கையைக் கடிக்காமல் இருக்க மூன்றேகால். நாற்பத்து நாலு அங்குலம் என்றால் பக்கவாட்டில் ஒட்டுப் போட வேண்டும், துணியும் கூடும், ஒட்டும் தெரியும். லைனிங் மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். பங்குனி வெயிலில் அங்கிக்கு மேல் இதையும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பவர் மனிதர்தானே.

துவைப்பது, வைப்பது?

வருடத்தில் இரண்டு தடவை மட்டும் வெளியே வருவதால், போட்டுக் கெடுவதைவிடப் பீரோவில் கிடந்து கெடுவதுதான் அதிகம். ராமபாணப் பூச்சிக்கு இந்த உடுப்பு என்றால் அத்தனை பிரியம். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். நாப்தலீன் உருண்டையை நேரடியாகத் துணி மேல் வைக்க வேண்டாம், பொட்டலமாகக் கட்டி மூலையில் போடுங்கள். துவைக்கும்போது தனியாக, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு ஊரில் ஊதா ஸ்டோலோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டு, "அக்கா, ரோஸ் போயிருச்சு" என்று அழாத குறையாகக் கொண்டுவந்தார்கள். போர்த் தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடந்து அது நாவல்பழக் கறை மாதிரி ஆகியிருந்தது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை, பிரித்து ஊதா உடுப்புக்கு லைனிங்காகப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து எப்போது வருகிறது? எப்போது தைக்கக் கொடுக்கலாம்?

2026இல் டிசம்பர் 13. 2027இல் மார்ச் 7, அப்புறம் டிசம்பர் 12. டிசம்பருக்கு வேண்டும் என்றால் புரட்டாசியிலேயே துணியோடு வந்துவிடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் என் மெஷினில் ஜாக்கெட் தவிர வேறெதுவும் ஏறாது, அது முடிந்தால் கிறிஸ்மஸ் பிள்ளைத்துணி வந்துவிடும். சாமியின் தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் அளவு வேண்டும். அளவெடுக்கக் கூச்சமாக இருந்தால் அவர் போடுகிற பச்சை உடுப்பு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், அது போதும்.